நூலிழை எத்தனை அடி?

காட்பாடியில் எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் கொல்கத்தாக்காரர்களையும் அசாம்காரர்களையும் சென்னை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் அவருக்கு முக்கால்வாசி சவாரி. 'நடுவானில் நேருக்கு நேர் வந்த விமானங்கள், நூலிழையில் தப்பிய பயணிகள்' என்று எங்காவது செய்தி வந்தால் போனை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். போன தடவை அவர் கேட்டது இது: "நூலிழை நூலிழைன்றாங்களே தம்பி, அது எத்தினி அடி?"

நல்ல கேள்வி. ஆனால் பதில் அடிக்கணக்கில் ஆரம்பித்து வேறு இடத்தில் போய் முடிகிறது. இரண்டு விமானங்களுக்கு நடுவே மிஞ்சிய இடைவெளியைவிட, அதைக் கடைசி நேரத்தில் காப்பாற்றியது எது என்பதுதான் பெரிய விஷயம். செய்தித்தாள் முதலாவதைத் தலைப்பாக்குகிறது. விசாரணை அதிகாரிகள் இரண்டாவதைத் தேடுகிறார்கள்.

முதலில் நம் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று பட்டியல் நீளும். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் திரும்பி வந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியது. பட்டியலில் காலியான இடத்துக்கு 'விமானம் இல்லாத விமான நிலையம்' என்று அப்துல்லாபுரத்தைச் சேர்த்துவிடலாம். ஆனால் இங்கே இறங்குவதுதான் இல்லை. மேலே போக்குவரத்துக்குக் குறைச்சல் கிடையாது.

சென்னை விமான நிலையம் வேலூரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 113 கிலோமீட்டர், அதாவது 60 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே. பயணிகள் விமானம் இறங்கும் சரிவு ஏறத்தாழ 3 டிகிரி. ஒரு கடல் மைலுக்கு 300 அடி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பைலட்டுகளின் மனக்கணக்கு இதிலிருந்து வந்ததுதான்: உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கினால், அத்தனை மைலுக்கு முன்பே இறங்க ஆரம்பிக்க வேண்டும். 33,000 அடிக்கு 100 மைல். இந்தக் கணக்குப்படி மேற்கே இருந்து சென்னைக்கு வரும் விமானம் திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம் வரும்போதே மூக்கைத் தாழ்த்தியிருக்கும். வேலூர் நெருங்கும்போது 18,000, 20,000 அடியில் இருக்கும். சென்னையிலிருந்து கிளம்பி மேற்கே போகிறவை அதே உயரங்களைக் கீழிருந்து மேலாகக் கடந்துகொண்டிருக்கும். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே வரைபடத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், காட்பாடிக்கும் சித்தூருக்கும் இடையில் போகும். பழைய வட ஆற்காடு மாவட்டத்து வானம், ஏறுகிறவையும் இறங்குகிறவையும் ஒன்றையொன்று தாண்டுகிற இடம்.

போதாக்குறைக்கு அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி. 1992-ல் தொடங்கிய கடற்படை விமானத் தளம். நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்துதான் கடலுக்குப் போய் வருகின்றன. பக்கத்தில் தாம்பரத்தில் விமானப்படை. பயணிகள் விமானத்தின் பாதை இப்படிப்பட்ட வான்பகுதிகளோடு ஒத்துப்போய்த்தான் வகுக்கப்படுகிறது. வானம் பரந்து கிடக்கிறதே, இரண்டு விமானம் விலகிப் போக இடமில்லையா என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இது. கீழே இருந்து பார்க்கிற அளவுக்கு அது பரந்து கிடக்கவில்லை. விமான நிலையத்தை நெருங்க நெருங்க அது புனலின் வாய் மாதிரிக் குறுகுகிறது. துபாயிலிருந்து வருவதும் தூத்துக்குடியிலிருந்து வருவதும் டெல்லியிலிருந்து வருவதும் கடைசியில் ஒரே ஓடுபாதையின் ஒரே முனைக்கு வரிசை கட்ட வேண்டும். வேகம் வேறு, எடை வேறு, வரும் திசை வேறு. சென்னையில் கடற்காற்று எழும்பிவிட்டால் ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து இறங்குவது என்பதே மாறிப்போகும். வரிசை அத்தனையும் திருப்பிப் போடப்படும்.

இந்த வரிசையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? காட்பாடி ஜங்ஷனில் நின்று பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரயிலுக்கு பிளாக் என்று ஒன்று உண்டு. ஒரு பிளாக்கில் ஒரு ரயில் இருந்தால் இன்னொன்றுக்கு சிக்னல் விழாது. வானத்திலும் ஒவ்வொரு விமானமும் தன்னைச் சுற்றி ஒரு பிளாக்கைச் சுமந்துகொண்டே பறக்கிறது. அதன் கனம் மேலும் கீழும் 1,000 அடி. 29,000 அடிக்கு மேலே முன்பு 2,000 அடியாக இருந்தது. உயரமானிகள் துல்லியமானபின் இந்தியாவில் 2003 நவம்பரில் அங்கும் 1,000 ஆக்கினார்கள். பக்கவாட்டில், ரேடார் பார்வையில் நெடும்பாதையில் போகும்போது பொதுவாக 5 கடல் மைல், விமான நிலையத்தை நெருங்கும்போது 3 கடல் மைல். 3 கடல் மைல் என்பது ஐந்தரை கிலோமீட்டர். நம் கோட்டையிலிருந்து காட்பாடி ஸ்டேஷன் வரைக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவுதான். உயரம், தூரம் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். 1,000 அடி வித்தியாசம் இருந்தால் ஒன்றின் தலைக்கு மேலேயே இன்னொன்று போகலாம். ஜன்னல் வழியே பார்த்து 'ஐயோ, எவ்வளவு பக்கம்!' என்று பயணி வீடியோ எடுப்பது பல நேரம் இந்தச் சாதாரணக் கடத்தலைத்தான்.

இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால்தான் விதி மீறல். அது ஆபத்தின் அளவுக்கு வந்தால் விமானத் துறையின் ஏட்டில் 'ஏர்ப்ராக்ஸ்' என்று ஏறும்.

ரயிலோடு ஒப்பிடுவது இங்கே நின்றுவிடுகிறது. சிவப்பு விழுந்தால் ரயில் நிற்கலாம், விமானம் நிற்க முடியாது. 450 நாட், அதாவது மணிக்கு 450 கடல் மைல் வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால், இரண்டும் நெருங்கும் வேகம் விநாடிக்கு 460 மீட்டருக்கு மேல். 5 கடல் மைல் என்கிற அந்தப் பெரிய இடைவெளி 20 விநாடியில் தீர்ந்துபோகும். பைலட் ஜன்னல் வழியே பார்த்து விலகிக்கொள்ளலாமே என்று அண்ணன் கேட்டார். அவருக்குத் தெரிந்த உதாரணத்தையே சொன்னேன். பைபாஸில் போகும்போது குறுக்குச் சாலையில் ஒரு லாரி வருகிறது. கார்க் கண்ணாடியில் அது முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே இருந்தால் பயமில்லை, யாராவது ஒருவர் முந்திப் போய்விடுவீர்கள். கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டிவைத்த மாதிரி அசையாமல் நின்றுகொண்டு, ஆனால் பெரிதாகிக்கொண்டே வந்தால்தான் மோதல். வானத்திலும் இதே கதை. மோதப்போகிற விமானம் கண்ணாடியில் அசையாத ஒரு புள்ளி. மனிதக் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். அந்தப் புள்ளி விமானமாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாவது கடைசிச் சில விநாடிகளில்தான். அதற்குள் நூறு டன்னைத் திருப்ப முடியாது.

ஆகவே கண்ணை நம்பாமல் ஒன்றன் பின் ஒன்றாக அரண்கள் வைத்திருக்கிறார்கள். வேலூர்க் கோட்டைக்குள் போகிறவன் முதலில் அகழியைத் தாண்ட வேண்டும், பிறகு வெளிச்சுவர், பிறகு உள்சுவர். இங்கே அகழி என்பது பாதை வகுப்பு: ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு வேறு வழி என்று காகிதத்திலேயே பிரித்துவிடுவது. வெளிச்சுவர் தரையில் ரேடார் முன்னால் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர். உள்சுவர் அவருடைய கம்ப்யூட்டர். இரண்டு விமானங்களின் போக்கைக் கணித்து, இடைவெளி குறையப்போகிறது என்றால் திரையில் எச்சரிக்கும். இதெல்லாம் விழுந்தபிறகு விமானத்துக்குள்ளேயே ஒரு காவலாளி உண்டு. அதற்கும் அப்பால் மிஞ்சுவது பைலட்டின் கண். கண்ணும் தவறினால் அதிர்ஷ்டம்.

கன்ட்ரோலரும் பைலட்டும் பேசிக்கொள்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழைகள் அங்கேதான் முளைக்கின்றன. கன்ட்ரோலர் ஓர் உயரத்தைச் சொன்னால் பைலட் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆம்பூரில் கூட்டமான பிரியாணிக் கடையில் பார்சல் சொன்னால், கல்லாவில் இருப்பவர் 'மட்டன் ரெண்டு, சிக்கன் ஒண்ணு' என்று நம்மிடமே திருப்பிச் சொல்வாரே, அது மாதிரி. பைலட் தப்பாகத் திருப்பிச் சொன்னால் கன்ட்ரோலர் பிடிக்க வேண்டும். ஆனால் நாம் என்ன எதிர்பார்க்கிறோமோ அதையே காது கேட்டுக்கொள்ளும் என்பது ஒரு தொல்லை. ஒரே அலைவரிசையில் ஒரே கம்பெனியின் பல விமானங்கள், கிட்டத்தட்ட ஒரே மாதிரி எண்கள் என்பது இன்னொரு தொல்லை. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் வாங்கிக்கொள்வார். அல்லது சொல்லும்போதே வாய் தவறி வேறு எண் வந்துவிடும்.

சரி, அந்தக் காவலாளிக்கு வருவோம். டீகாஸ் என்று விமானிகள் சொல்லும் மோதல் தவிர்ப்புக் கருவி. தரையில் இருக்கும் ரேடாரையோ கன்ட்ரோலரையோ அது நம்பியிருப்பதில்லை. விநாடிக்கு ஒரு தடவை என்ற கணக்கில் சுற்றியுள்ள விமானங்களை நோக்கி 'யார் அங்கே, எந்த உயரம்?' என்று ரேடியோ அலையில் கேட்கிறது. மற்ற விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்கிறது. பதில் வரும் நேரத்தை வைத்துத் தூரம், அடுத்தடுத்த பதில்களை வைத்து நெருங்கும் வேகம். எத்தனை மைல் தள்ளி என்பதைவிட எத்தனை விநாடி மிச்சம் என்பதுதான் அதன் கணக்கு. உயரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 48 விநாடி இருக்கும்போது 'டிராஃபிக், டிராஃபிக்' என்று குரல் கொடுக்கும். நிலைமை சரியாகவில்லை என்றால் 15 முதல் 35 விநாடி மிச்சத்தில் கட்டளை வரும்: 'கிளைம்ப், கிளைம்ப்' அல்லது 'டிசெண்ட், டிசெண்ட்'. ஏறு, இல்லை இறங்கு. அது இடது, வலது என்று சொல்லாது, மேலே கீழே மட்டும்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இரண்டு விமானங்களிலும் உள்ள கருவிகள் தமக்குள் பேசி முடிவெடுப்பது. ஒன்று ஏறச் சொன்னால் மற்றது ஏறச் சொல்லாது. ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்த இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கித் தடுமாறுவார்களே, அந்தக் கூத்து நடக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கட்டளை வந்த 5 விநாடிக்குள் பைலட் செயல்படத் தொடங்க வேண்டும். கன்ட்ரோலரிடம் 'டீகாஸ் ஆர்ஏ' (ஆர்ஏ என்பது கருவி போடும் கட்டளைக்கான சுருக்கம்) என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த விநாடியிலிருந்து கன்ட்ரோலர் அந்த விமானத்துக்கு மறுகட்டளை போடக்கூடாது. ஆபத்து நீங்கியதும் 'கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' என்று கருவியே சொல்லும்.

ஒரு குறை உண்டு. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே ஏறு, இறங்கு என்ற கட்டளைகள் அடங்கிவிடும். தரைக்குப் பக்கத்தில் 'இறங்கு' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்து வைத்த கட்டுப்பாடு அது. ஆனால் இறங்குவதற்கான கடைசி மைல்களில், விமானங்கள் மிக நெருக்கமாக வரும் இடத்தில், காவலாளிக்கு வாய் கட்டப்பட்டிருக்கிறது என்றும் அர்த்தம். 2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஓர் ஏர் இந்தியா விமானம் ஓடிப் பறந்துகொண்டிருக்கும்போதே அதே ஓடுபாதையில் பின்னால் ஓர் இண்டிகோ விமானம் வந்து இறங்கியது. அங்கே மனிதக் கவனத்தை விட்டால் வேறு வழியில்லை.

இந்தக் காவலாளி இந்தியாவில் கட்டாயமானதற்கு ஒரு விலை இருக்கிறது. 1996 நவம்பர் 12, மாலை. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி அரேபிய விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இந்தியர்கள் அதில் ஏராளம். கசகஸ்தானிலிருந்து வந்த இன்னொரு விமானம் டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று கன்ட்ரோலர் தெளிவாகச் சொல்லியிருந்தார். எதிரே விமானம் வருகிறது என்றும் எச்சரித்தார். கசகஸ்தான் விமானம் 15,000-ல் நிற்காமல் கீழே வந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

பிழை கசகஸ்தான் விமானிகளுடையது என்றுதான் நீதிபதி லகோட்டி விசாரணை முடிவு செய்தது. ஆனால் அன்று எந்தெந்த அரண்கள் எழுப்பப்படவே இல்லை என்று பாருங்கள். டெல்லியைச் சுற்றிய வான்பகுதியில் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்ததால் ஏறவும் இறங்கவும் ஒரே பாதை. அகழியே இல்லை. டெல்லியில் அன்று செயல்பட்ட ரேடார் பழைய ரகம். புள்ளி தெரியும், அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது. 15,000-ஐத் தாண்டி விமானம் கீழே வருவதை கன்ட்ரோலர் பார்த்திருக்கவே முடியாது. மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமில்லை. ஒரு தப்பு நடந்தால் தடுக்க அதற்குப் பின்னால் எதுவுமே இல்லை. பிறகுதான் ஏறுபாதையும் இறங்குபாதையும் பிரிந்தன, உயரம் காட்டும் ரேடார் வந்தது, டீகாஸ் கட்டாயமானது. அரக்கோணத்து வானத்தையும் சென்னையின் பாதைகளையும் பற்றி மேலே சொன்னபோது என் மனதில் இருந்தது இதுதான்.

கருவி வந்தால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. இந்த விஷயத்தில் என்னை அதிகம் உலுக்கியது இரண்டு சம்பவங்கள், இரண்டுக்கும் நடுவே 17 மாதங்கள்.

2001 ஜனவரி 31. ஜப்பான் ஏர்லைன்ஸின் இரண்டு விமானங்கள். எண் 907 டோக்கியோவிலிருந்து ஒகினாவாவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. எண் 958 தென்கொரியாவின் பூசானிலிருந்து டோக்கியோவுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டிலும் சேர்த்து 677 பேர். ரேடார் முன்னால் பயிற்சியில் இருந்த ஒரு கன்ட்ரோலர். அவர் 958-ஐக் கீழே இறக்க நினைத்தார். வாயிலிருந்து வந்த எண் 907. அதே நேரம் 907-ல் இருந்த டீகாஸ் 'ஏறு' என்றது. காப்டன் கன்ட்ரோலர் சொன்னபடி இறங்கினார். 958-ன் டீகாஸ் 'இறங்கு' என்றது, அதுவும் இறங்கியது. ஒற்றையடிப் பாதையில் ஒரே பக்கம் ஒதுங்கிய கதை. கடைசியில் 907-ன் காப்டன் கண்ணால் பார்த்து மூக்கை இன்னும் கீழே அமுக்கியதால் ஒன்றின் அடியில் ஒன்று நழுவிப் போயின. அந்தத் திடீர் இறக்கத்தில் 907-ல் பெல்ட் போடாதவர்களும் உணவு வண்டிகளும் கூரையில் மோத, சுமார் 100 பேருக்குக் காயம்.

மனிதன் ஒன்று சொல்கிறான், கருவி வேறு சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது? உலகம் முழுவதற்கும் ஒரே பதில் வேண்டும் என்பது அன்றே வெட்டவெளிச்சமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே 36,000 அடியில் ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் டிஎச்எல் சரக்கு விமானமும் நெருங்கின. ரஷ்ய விமானத்தில் பார்சிலோனாவுக்குச் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகள். சூரிச்சில் ஒரே கன்ட்ரோலர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் ஓய்வில். பராமரிப்பு வேலைக்காக எச்சரிக்கை வசதியும் நேரடித் தொலைபேசி இணைப்பும் முடங்கியிருந்தன. அவர் கவனித்து ரஷ்ய விமானத்தை 'இறங்கு' என்றார். அதே விமானத்தின் டீகாஸ் 'ஏறு' என்றது. பைலட்டுகள் மனிதக் குரலைக் கேட்டார்கள். சரக்கு விமானம் தன் டீகாஸ் சொன்னபடி இறங்கியது. இரண்டும் சேர்ந்தே இறங்கி மோதின. 71 பேர்.

இதற்குப் பிறகே விதி சந்தேகமில்லாமல் எழுதப்பட்டது: டீகாஸ் கட்டளை வந்துவிட்டால் கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் கருவி சொல்வதே செல்லும். ஜப்பானில் 677 பேர் உயிரோடு வந்து காட்டிக்கொடுத்த ஓட்டையை அடைக்க, யூபர்லிங்கனில் 71 பேர் சாக வேண்டியிருந்தது. நூலிழையில் தப்பிய சம்பவத்தை 'நல்லவேளை' என்று சொல்லி மூடி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

நம் பக்கத்து வானத்துக்கு வந்தால், 2018 ஜூலை 10 அன்று பெங்களூரு வான்பகுதியில் இரண்டு இண்டிகோ விமானங்கள் மிக நெருங்கின. ஒன்று கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத்துக்கு, மற்றது பெங்களூரிலிருந்து கொச்சிக்கு. உயரத்தில் வித்தியாசம் 200 அடிதான் இருந்தது என்று அப்போது செய்தி வந்தது. 200 அடி என்பது 61 மீட்டர். ஏ320 ரக விமானத்தின் நீளமே முப்பத்தேழரை மீட்டர். ஒரு விமானத்தை நிமிர்த்தி வைத்தால், அதற்கு மேலே இன்னொன்றை நிறுத்த இடம் போதாது. இரண்டிலும் டீகாஸ் குரல் கொடுத்தது, இரண்டு பைலட்டுகளும் கேட்டார்கள், பிரிந்தன. யூபர்லிங்கன் பாடம் பெங்களூரில் பலித்தது என்று ஒரு பக்கம் நிம்மதி. கடைசிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது என்பது மறுபக்கம். (ஜூலை 10 என்றதும் வேலூர்க்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1806-ல் அதே தேதி விடியலில்தான் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். அகழியும் இரட்டைச் சுவரும் அப்படியே இருந்தன. உள்ளே இருந்தே கிளம்பியதை அவற்றால் என்ன செய்ய முடியும்?)

உள்ளே இருந்து கிளம்பும் பிழை என்றால் என்ன என்பதற்கு 2022 ஜனவரி 7-ல் பெங்களூரில் நடந்தது நல்ல உதாரணம். அங்கே இணையாக இரண்டு ஓடுபாதைகள். காலையில் ஒன்றிலிருந்து புறப்பாடு, மற்றதில் இறக்கம் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஓடுபாதைக்கு மாறலாம் என்று பணிப் பொறுப்பாளர் முடிவெடுத்தார். அந்த மாற்றம் மற்ற ஓடுபாதையின் கன்ட்ரோலருக்குப் போய்ச் சேரவில்லை. கொல்கத்தாவுக்கும் புவனேஸ்வருக்கும் போகும் இரண்டு இண்டிகோ விமானங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எழும்பி ஒன்றையொன்று நெருங்கின. ரேடாரில் இருந்தவர் பார்த்து இரண்டையும் வேறு வேறு திசைக்குத் திருப்பினார். இங்கே காப்பாற்றியது வெளிச்சுவர், ஒரு மனிதரின் கண்ணும் குரலும். ஆனால் எனக்கு இதில் உறுத்துவது வேறு. இந்தச் சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் ஏற்றப்படவில்லை என்று பிறகு விமானப் போக்குவரத்து இயக்குநரகமே சொன்னது. ஜப்பான் சம்பவமாவது எழுதப்பட்டது, விவாதிக்கப்பட்டது. எழுதவே படாததிலிருந்து யார் என்ன கற்றுக்கொள்வது?

பதிவு செய்யாமல் போவதற்குக் காரணம் பயம்தான். சம்பவம் நடந்ததும் கன்ட்ரோலரைப் பணியிலிருந்து இறக்கி வைப்பார்கள், பைலட்டையும் சில நாள் பறக்க விடமாட்டார்கள். விசாரணைக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் வெளியே அது தண்டனையாகத்தான் தெரிகிறது, செய்தியும் 'அதிகாரி நீக்கம்' என்று முடிந்துவிடுகிறது. தடயத்துக்கும் ஆயுசு குறைவு. காக்பிட் குரல் பதிவுக் கருவிகளில் பலவும் கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். விமானம் இறங்கி, பயணிகளை மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பறந்துவிட்டால், அந்த முக்கியமான 30 விநாடிப் பேச்சு அழிந்து அதன்மேல் வேறு பேச்சு ஏறியிருக்கும்.

இத்தனையும் கேட்டுவிட்டு அண்ணன் அப்துல்லாபுரத்துக்கு வந்தார். அங்கே சர்வீஸ் வந்தால் அவர் பிழைப்பில் கை வைக்குமே. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் பேசப்படுவது 19 இருக்கைச் சின்ன விமானங்கள். சென்னைக்கு இறங்குகிறவை, பெங்களூருக்கு ஏறுகிறவை, ராஜாளியின் போக்குவரத்து என்று மேலே இருக்கும் நெரிசலுக்குக் கீழே அவை புகுந்து வர வேண்டும். டிரான்ஸ்பாண்டர் இருந்தால் பெரிய விமானங்களின் டீகாஸ் கண்ணில் அவை படும், அது ஒரு தைரியம்.

ஆனால் அந்தச் சின்ன விமானத்துக்குள்ளும் டீகாஸ் இருந்தாக வேண்டுமா? சர்வதேச விதி என்ன சொல்கிறது என்றால், டர்பைன் எஞ்சின் விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 5,700 கிலோவுக்கு மேல், அல்லது 19 பேருக்கு மேல் பயணிகள் என்றால் கட்டாயம். 19 இருக்கை ரகத்தில் உலகமறிந்த ட்வின் ஆட்டரின் எடை 5,670 கிலோ. எச்ஏஎல் தயாரிக்கும் டோர்னியரில் எடை குறைத்து அனுமதி வாங்கிய ரகம் 5,695 கிலோ. கோட்டுக்கு இந்தப் பக்கம் முப்பது கிலோவிலும் ஐந்து கிலோவிலும் நிற்கின்றன. விதி கேட்காவிட்டாலும் பொருத்திக்கொள்ளத் தடையில்லை, அது வேறு விஷயம்.

அண்ணன் விரல் விட்டு எண்ணாத குறைதான். "அப்போ இருபதாவது ஆளு ஏறினாத்தான் அந்த மிஷின் வேணுமா?" என்றார். கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரவு பத்து மணிக்குச் சென்னையில் இறங்கும் கொல்கத்தா விமானத்துக்கு அவருக்கு சவாரி இருந்தது.